அட்லாண்டாவில் ஏன் ஆடுகிறார்கள்?

அலபாமா, ஜார்ஜியா போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு 90 ஆயிரம் பேரும் ஒரு லட்சம் பேரும் அமரக்கூடிய சொந்த மைதானங்கள் இருக்கின்றன. அப்படியிருக்க, ஆண்டின் முதல் கால்பந்து ஆட்டத்தை அட்லாண்டா நகரில், இரு தரப்புக்கும் சொந்தமில்லாத ஓர் அரங்கில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு ஏன் ஆட வேண்டும் என்பது கேள்வி. அந்த ஆட்டம் இரு கல்லூரிகளுக்கும் உரியதன்று. மூன்றாவது ஆள் ஒருவர் காசு கொடுத்து நடத்துவது. சுருக்கமான பதில் அவ்வளவுதான். அந்த மூன்றாவது ஆளுக்கு இடம் எப்படிக் கிடைத்தது, இப்போது அந்த இடம் ஏன் சுருங்குகிறது என்பதைத்தான் விரித்துச் சொல்ல வேண்டும்.

இங்கே கால்பந்து என்பது தலைக்கவசம் அணிந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். கல்லூரி அணி ஒன்று ஒரு பருவத்தில் வழக்கமாக 12 ஆட்டங்கள் ஆடும். அவற்றில் எட்டோ ஒன்பதோ, அந்த அணி சேர்ந்திருக்கும் ‘கான்ஃபரன்ஸ்’ என்னும் வட்டாரக் கூட்டமைப்புக்குள் முன்கூட்டியே முடிவாகிவிடும். மிஞ்சும் மூன்று நான்கு ஆட்டங்களில் யாரை எதிர்ப்பது என்பதைக் கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவரே பேசி முடிக்கலாம். அதில் அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. தனக்கு நிகரான ஒரு கல்லூரியுடன் ‘இந்த ஆண்டு நீ எங்கள் ஊருக்கு வா, அடுத்த ஆண்டு நாங்கள் வருகிறோம்’ என்று ஒப்பந்தம் போடலாம். அப்படிப் போட்டால் ஒரு பருவத்தில் உள்ளூர் ஆட்டமும் அதன் வசூலும் கைவிட்டுப் போகும், தோற்கும் அபாயமும் சேர்ந்து வரும். இல்லாவிட்டால், சிறிய கல்லூரி ஒன்றுக்குக் கூலிபோல ஒரு தொகையைக் கொடுத்து வரவழைத்து, சொந்த ரசிகர்கள் முன்னால் வென்று அனுப்பிவிடலாம்.

இரண்டாவது வழியும் எப்போதும் பத்திரமானதன்று. 2007இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அப்பலேச்சியன் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரிக்கு 4 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொந்த ரசிகர்களின் கண்ணெதிரே 34-32 என்று அதனிடம் தோற்றது. காசு கொடுத்து அவமானத்தை வாங்கிய கதை என்று இன்றும் அதைச் சொல்வார்கள். ஆனால் அது அத்தி பூத்தாற்போல நடப்பது; வழக்கமாகச் சின்னக் கல்லூரி காசோலையை வாங்கிக்கொண்டு தோற்றுவிட்டுத் திரும்பும். அதனால் பருவத்தின் முதல் சனிக்கிழமை, தொலைக்காட்சிக்காரர்கள் தலையில் கைவைக்கும் நாளாக இருந்தது. நாடு முழுவதும் எட்டு மாதம் காத்திருந்த ரசிகர்களுக்குக் காட்டத் தகுந்த ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தன.

இந்தக் குறையை நிரப்ப முதலில் முயன்றது அட்லாண்டா அன்று. 1983இல் நியூஜெர்சி மாநிலத்தின் ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் ‘கிக்காஃப் கிளாசிக்’ என்ற ஆட்டம் தொடங்கியது. முதல் ஆண்டில் நெப்ராஸ்கா, பென் ஸ்டேட் அணியை 44-6 என்று நொறுக்கியது. இப்படிப்பட்ட ஆட்டங்களுக்கு அப்போது ஒரு சலுகை இருந்தது: கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அவற்றை வழக்கமான எண்ணிக்கையில் சேர்க்காமல், கூடுதல் ஆட்டமாக ஆட அனுமதித்திருந்தது. அந்தச் சலுகை நீங்கியதும் 2002உடன் அந்த வகை ஆட்டங்கள் நின்றுபோயின. பிறகு 2006இல் 12ஆவது ஆட்டத்தை எல்லோருக்கும் நிரந்தரமாக அனுமதித்தார்கள். ஒவ்வொரு கல்லூரியின் அட்டவணையிலும் திடீரென ஒரு கட்டம் காலியானது. அந்தக் காலிக் கட்டத்தைத்தான் அட்லாண்டா குறிவைத்தது.

அட்லாண்டாவில் 1968 முதல் ‘பீச் பௌல்’ என்ற பருவ இறுதி ஆட்டம் நடந்து வருகிறது. அதை நடத்தும் பீச் பௌல் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் கேரி ஸ்டோக்கன் செய்தது, பருவ இறுதியில் பழகிய அதே வித்தையைப் பருவத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்ததுதான். இரு பெரிய கல்லூரிகளை அழைப்பது, இருவருக்கும் உறுதியான தொகை பேசுவது, நகரின் உள்ளரங்கத்தை ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது, தொலைக்காட்சிக்கு நல்ல நேரத்தில் நல்ல ஆட்டம் ஒன்றைத் தருவது, தலைப்பில் ஒரு நிறுவனத்தின் பெயரை விற்பது ஆகிய ஐந்தும் அவர்களுக்குக் கைவந்த கலை. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை. அந்த நீண்ட வார இறுதியில் தொழில்முறை ஃபுட்பாலான என்.எஃப்.எல். இன்னும் தொடங்கியிருக்காது. ஆகவே நகர விடுதிகளின் அறைகளும் நாட்டின் தொலைக்காட்சித் திரைகளும் ஒருசேரக் காலியாகக் கிடக்கும்.

முதல் ஆட்டம் 2008 ஆகஸ்ட் 30 அன்று ஜார்ஜியா டோமில், அலபாமாவுக்கும் கிளெம்சனுக்கும் இடையே நடந்தது. தரவரிசையில் கிளெம்சன் 9ஆம் இடம், அலபாமா 24ஆம் இடம். கிளெம்சன் எளிதில் வெல்லும் என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். நடந்தது தலைகீழ். அலபாமா 34-10 என்று வென்றது. அதைவிட முக்கியமாக, பந்தை ஏந்தி ஓடி கிளெம்சன் அன்று மொத்தத்தில் முன்னேறிய தூரம் சுழியம். ஓட்டத்துக்குப் பேர்போன ஓர் அணி, நான்கு கால்பகுதிகள் முடிந்த பின் புள்ளிவிவரத் தாளில் ‘0 யார்டு’ என்று எழுதப்பட்ட நிலையில் ஊர் திரும்புவது எவ்வளவு பெரிய அடி என்பதை இந்த விளையாட்டைப் பார்ப்பவர்கள் அறிவார்கள். அந்த அடியிலிருந்து கிளெம்சனின் பயிற்சியாளர் டாமி பௌடன் எழவில்லை. பருவத்தின் பாதியில், அக்டோபரில், பதவியை விட்டு விலகினார். இடைக்காலப் பொறுப்புக்கு வந்தவர்தான் டாபோ ஸ்வின்னி. பின்னாளில் அதே கிளெம்சனுக்கு இரண்டு தேசியப் பட்டங்களை வென்று தந்தவர். மறுபுறம், நிக் சேபன் பயிற்றுவித்த அலபாமா அந்தப் பருவத்தின் 12 வழக்கமான ஆட்டங்களையும் வென்று, டிசம்பரில் அதே ஜார்ஜியா டோமுக்குத் திரும்பி, கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் ஃப்ளோரிடாவிடம் 31-20 என்று தோற்றது. அடுத்த ஆண்டு இதே தொடக்க ஆட்டத்தில் வெர்ஜீனியா டெக்கை வென்றுவிட்டுப் போய்த் தேசியப் பட்டத்தையே எடுத்துவந்தது. அட்லாண்டா ஏற்பாட்டாளர்கள் விளம்பரத்துக்கென்று இதைவிட நல்ல தொடக்கத்தை விலைகொடுத்து வாங்கியிருக்க முடியாது.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். இத்தகைய ஆட்டத்தில் இரு கல்லூரிகளும் வரவேண்டியது ஒரே ஒரு முறை. மறுபயணம் என்ற கடன் கிடையாது. பேசிய தொகை உறுதி. டிக்கெட்டுகளில் ஒரு பெரும் பங்கு ஒவ்வொரு கல்லூரிக்கும் தன் ஆட்களுக்கு விற்க ஒதுக்கப்படும். அட்லாண்டாவைப் பார்த்து டாலஸ் அருகே ஆர்லிங்டனிலும் ஹூஸ்டனிலும் இதே பாணியில் ஆட்டங்கள் வந்தபோது தொகைகள் ஏறின. 2012இல் ஆர்லிங்டனில் அலபாமாவை எதிர்க்க மிச்சிகனுக்குக் கிடைத்தது 47 லட்சம் டாலர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் சின்னக் கல்லூரிக்குக் கூலி கொடுத்துத் தோற்ற அதே மிச்சிகன், இம்முறை கூலி வாங்கிக்கொண்டு 41-14 என்று தோற்றது.

அந்த ஆட்டத்தில் ஒரு கிளைக் கதை உண்டு. மிச்சிகனின் இசைக்குழு அமெரிக்கக் கல்லூரி இசைக்குழுக்களில் மிகப் புகழ்பெற்றவற்றுள் ஒன்று. அது இல்லாத மிச்சிகன் ஆட்டம், நாகஸ்வரம் இல்லாத கல்யாணம் போன்றது. ஆனால் டெக்சாஸ் வரை அந்தக் குழுவைக் கொண்டுபோய் வர ஆகும் சுமார் 4 லட்சம் டாலரைத் தர முடியாது என்று விளையாட்டுத் துறை முதலில் கைவிரித்துவிட்டது. பழைய மாணவர்களிடையே பெரும் புகைச்சல் எழுந்து, நன்கொடையாளர்கள் கைகொடுத்த பிறகே குழு கிளம்பியது. சொந்த மைதானத்தில் ஆடியிருந்தால் இசைக்குழு நடந்தே வந்திருக்கும். நடுநிலை அரங்கின் கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் கழியும் செலவுகள் எவை என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

‘நடுநிலை’ என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். அட்லாண்டாவிலிருந்து ஜார்ஜியா பல்கலைக்கழகம் இருக்கும் ஏதென்ஸ் சுமார் 110 கிலோமீட்டர். ஆபர்ன் 170, கிளெம்சன் 200, அலபாமாவின் டஸ்கலூசா 320. தென்கிழக்கு மாநிலக் கல்லூரி ஒன்றை வேறு பகுதியிலிருந்து வரும் கல்லூரியோடு மோதவிட்டால், காகிதத்தில்தான் அது பொது இடம். கூட்டத்தின் நிறத்தைப் பார்த்தால் எவருடைய ஊர் என்பது விளங்கிவிடும். 2022இல் ஆரிகன் அணி நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து வந்தது. அதன் புதிய பயிற்சியாளர் டான் லானிங், முந்தைய பருவத்தில்தான் ஜார்ஜியாவின் தற்காப்புப் பயிற்சியாளராகத் தேசியப் பட்டம் வென்றவர். தன் பழைய மாணவர்களிடமே 49-3 என்று தோற்றுத் திரும்பினார்.

ஆனால் கூட்டமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. 2011இல் ஜார்ஜியாவை எதிர்க்க வந்தது ஐடஹோ மாநிலத்தின் பாய்சி ஸ்டேட். சாலை வழியே மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். பச்சைக்குப் பதில் நீல நிறத் தரை விரித்த சொந்த மைதானத்தில் அவர்களைத் தோற்கடிப்பது கடினம். ஆனால் அவர்களுடைய கூட்டமைப்பு சிறியது என்பதால், எத்தனை வெற்றிகள் குவித்தாலும் ‘யாரை வென்றாய்?’ என்ற கேள்வி தீராது. பெரிய கல்லூரிகளோ அந்த நீலத் தரைக்கு வர எளிதில் சம்மதிப்பதில்லை. இப்படிப்பட்ட அணிக்கு அட்லாண்டா திறந்த வாசல், நடுநிலை ஆட்டத்துக்கு நான் சொல்லக்கூடிய மிக நேர்மையான நியாயம். ஜார்ஜியாவின் சிவப்பு நிறத்தால் நிரம்பிய அரங்கில், கெல்லன் மூர் என்ற குவார்ட்டர்பேக் (பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவர்) 34 முறை பந்து வீசி 28 முறை சக வீரர்களின் கையில் சேர்த்து, மூன்று டச்டவுன்களுக்கு (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்து ஆறு புள்ளி பெறுவது) வழிசெய்து, 35-21 என்று ஆட்டத்தை முடித்தார். ஜார்ஜியா அதற்கடுத்த ஆட்டத்திலும் தோற்று, பின் வரிசையாகப் பத்து வென்று, தன் கூட்டமைப்பின் இறுதி ஆட்டம் வரை போனது வேறு கதை.

பெயர் வைத்தவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2008 முதல் 2022 வரை இது ‘சிக்-ஃபில்-ஏ கிக்காஃப் கேம்’. சிக்-ஃபில்-ஏ, அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட கோழி சாண்ட்விச் கடைத்தொடர். பருவ இறுதி பௌல் ஆட்டத்துக்கும் அதுவே புரவலர். 2006 முதல் 2013 வரை அந்த ஆட்டத்தின் பெயரிலிருந்து ‘பீச்’ என்ற சொல்லே எடுக்கப்பட்டு வெறும் ‘சிக்-ஃபில்-ஏ பௌல்’ ஆகியிருந்தது என்றால் பணத்தின் எடை புரியும். நிறுவனரின் சமய நம்பிக்கை காரணமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடைகள் திறப்பதில்லை. ஞாயிறுதோறும் என்.எஃப்.எல். நடக்கும் அட்லாண்டாவின் புதிய அரங்கிலும் அவர்களுக்கு ஒரு கடை உண்டு. ஃபால்கன்ஸ் அணி ஆடும் பெரும்பாலான நாட்களில் அது மூடியே கிடக்கும். அவர்கள் பெயர் தாங்கிய 15 ஆண்டுகளில் தொடக்க ஆட்டம் வியாழன், வெள்ளி, சனி, திங்கள் என்று பல கிழமைகளில் நடந்தது, ஞாயிறன்று மட்டும் ஒருமுறைகூட இல்லை. 2023இல் புரவலர் மாறி, அதே ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த, விளம்பரங்களில் வாத்தைப் பேசவைக்கும் ஆஃப்லாக் காப்பீட்டு நிறுவனம் வந்தது. 2025இல் வெர்ஜீனியா டெக்கும் சவுத் கரோலினாவும் ஆடிய ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. வெல்பவருக்குக் கொடுக்கும் பரிசு மட்டும் இவை எதையும் பொருட்படுத்தாத பழம்பொருள்: அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் அணிந்த தோல் தொப்பியின் வடிவம். ஐம்பது லட்ச டாலர் புழங்கும் மேடையில் அதைத் தூக்கிக் காட்டுவதைப் பார்க்கையில் எனக்குச் சிரிப்பு வரும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடியே ஊரை இரண்டாக்கி, இருபுறமும் சரிபாதி டிக்கெட் விற்றுக்கொடுக்கிறான்.

இந்த ஏற்பாட்டின் உச்சம் 2017. எட்டு இதழ்கள் விரிவதுபோல் கூரை அமைத்த மெர்சிடிஸ்-பென்ஸ் ஸ்டேடியம் அந்த ஆகஸ்டில்தான் திறந்திருந்தது. கூரையைத் திறந்து மூடும் வேலை மட்டும் இன்னும் முடியவில்லை. செப்டம்பர் 2 அன்று தரவரிசையில் முதலிடத்து அலபாமாவும் மூன்றாமிடத்து ஃப்ளோரிடா ஸ்டேட்டும் மோதின. பருவத் தொடக்கத்தில் அவ்வளவு உயர்ந்த இடத்திலிருந்த இரு அணிகள் அதற்கு முன் மோதியதில்லை. முதல் பாதி முடிவில் 10-7 என்று அலபாமா முன்னிலை. அந்தப் பாதியின் கடைசியில் ஃப்ளோரிடா ஸ்டேட் உதைத்த ஃபீல்ட் கோல் முயற்சியை (கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து மூன்று புள்ளி பெறுவது) அலபாமா தடுத்திருந்தது. மூன்றாம் கால்பகுதியில் தம் பகுதியிலிருந்து அவர்கள் உதைத்த பண்ட்டை (மேலும் முன்னேற முடியாதபோது பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் விடுவது) அலபாமாவின் டேமியன் ஹாரிஸ் பாய்ந்து கையால் மறித்தார். அதிலிருந்து மூன்று புள்ளிகள். அடுத்து அலபாமா உதைத்த பந்தைப் பிடித்து ஓடியவர் அதை நழுவவிட, அதே ஹாரிஸ் 11 யார்டு ஓடி டச்டவுன். டச்டவுனுக்குப் பின் பந்தை உதைத்தால் ஒரு கூடுதல் புள்ளி, மீண்டும் எல்லைக்கோட்டைக் கடந்தால் இரண்டு. அலபாமா இரண்டையும் எடுத்தது. ஐந்து நிமிடத்துக்குள் 10-7, 21-7 ஆகிவிட்டது. ஆட்டம் 24-7 என்று முடிந்தது. ஆனால் ஃப்ளோரிடா ஸ்டேட் இழந்தது ஓர் ஆட்டத்தை மட்டுமன்று. கடைசிக் கால்பகுதியில் அவர்களின் குவார்ட்டர்பேக் டியாண்ட்ரே ஃபிரான்சுவாவின் முழங்காலில் பட்ட அடி, அவருடைய அந்தப் பருவத்தையே முடித்துவைத்தது. பட்டம் வெல்லப் புறப்பட்ட அணி 7 வெற்றி, 6 தோல்வி என்று தடுமாறிக் கரையேற, அதன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷர் டெக்சாஸ் ஏ அண்ட் எம்முக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, அதே அரங்கில் டென்னசியும் ஜார்ஜியா டெக்கும் ஆடின. டெக்கின் வளாகத்திலிருந்து அரங்கம் கூப்பிடு தூரம். பந்தை வீசாமல் ஏந்தி ஓடியே முன்னேறும் பழைய பாணியில் அந்த அணி அன்று 535 யார்டு ஓடியது. அதில் 249 யார்டும் ஐந்து டச்டவுன்களும் குவார்ட்டர்பேக் டக்வான் மார்ஷல் ஒருவருடையவை. டெக் கடைசி நொடியில் உதைத்த ஃபீல்ட் கோல் தடுக்கப்பட்டு ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது. இரண்டாவது ஓவர்டைமில் 42-41 என்று பின்தங்கிய நிலையில், சமன் செய்யும் ஒற்றைப் புள்ளியை ஒதுக்கிவிட்டு, டெக்கின் பயிற்சியாளர் பால் ஜான்சன் இரட்டைப் புள்ளியைத் தேடினார். பந்து மார்ஷலிடமே இருந்தது. நாள் முழுக்கத் திறந்துகொண்டே இருந்த வழி அந்த ஒருமுறை அடைபட்டது. இந்த வரிசையில் எனக்குப் பிடித்த ஆட்டத்தைக் கேட்டால், தரவரிசை மோதலை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

இத்தனைக்குப் பிறகும் பெரிய கல்லூரிகள் ஏன் பின்வாங்குகின்றன? அட்லாண்டாவில் ஏழு முறை ஆடி ஏழிலும் வென்ற அலபாமா, 2021இல் மயாமியை 44-13 என்று வென்ற பிறகு அங்கே தொடக்க ஆட்டம் ஆட வரவில்லை. காரணங்களில் கனமானது உள்ளூர் வணிகம். பருவச் சீட்டு வாங்கும் ரசிகர் ஒருவருக்கு ஏழு உள்ளூர் ஆட்டங்களை விற்று, அவற்றில் நான்கில் ஊர்பேர் தெரியாத எதிரிகளை நிறுத்தினால், அவர் வீட்டில் பெரிய திரையிலேயே பார்த்துக்கொள்வார். நல்ல எதிரியை ஊருக்கு வரவழைத்தால்தான் சீட்டும், அதனோடு கட்டவேண்டிய நன்கொடையும் விலைபோகும். டஸ்கலூசாவின் விடுதிக்காரரும் பிழைப்பார். அடுத்தது பிளே-ஆஃப். 2024 முதல் 12 அணிகள் பட்டத்துக்குப் போட்டியிடுவதால், எதிரியின் ஊரில் ஒருமுறை தோற்றால் பருவமே போயிற்று என்ற பழைய பயம் தளர்ந்துவிட்டது. அலபாமாவும் ஜார்ஜியாவும் சேர்ந்திருக்கும் எஸ்.இ.சி. கூட்டமைப்பு 2026 முதல் உள்வட்ட ஆட்டங்களை எட்டிலிருந்து ஒன்பதாக உயர்த்தியிருப்பதால், பேசி முடிக்கக் கிடைக்கும் கட்டங்களும் குறைகின்றன. இவற்றுக்கு மேல், 2025இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி ஒவ்வொரு பெரிய கல்லூரியும் தன் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் இரண்டு கோடி டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். அந்தப் பணத்தைத் தேடும் நிலையில், சொந்த மைதானத்தின் ஒரு நாள் வசூலை இன்னொருவர் அரங்குக்கு விட்டுக்கொடுக்க மனம் வருவது கடினம்.

அட்லாண்டா ஓய்ந்துவிடவில்லை. 2024இல் ஜார்ஜியாவும் கிளெம்சனும் வந்தன. ஜார்ஜியா 34-3 என்று வென்றது. 2025இல் டென்னசி, சிரக்யூஸை 45-26 என்று வென்றது. ஆனால் அதே 2025 ஆகஸ்ட் 30 அன்று, எட்டு ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டாவில் மோதிய அலபாமாவும் ஃப்ளோரிடா ஸ்டேட்டும் மீண்டும் ஒரு பருவத்தைத் தொடங்கியது டலஹாசியில், ஃப்ளோரிடா ஸ்டேட்டின் சொந்த மைதானத்தில். 2001க்குப் பிறகு பருவத்தின் முதல் ஆட்டத்தில் தோற்றிராத அலபாமா அன்று 31-17 என்று தோற்றது. இருந்தும் அந்தப் பருவத்தின் 12 அணி பிளே-ஆஃபில் இடம்பிடித்தது. ஒப்பந்தப்படி ஃப்ளோரிடா ஸ்டேட் 2026இல் டஸ்கலூசாவுக்கு வந்து ஆட வேண்டும்.